மாணவன் அ

ஆடிக் காற்று.
கணவாய் வழியாக வந்து ஆபீஸ் ஜன்னல் கொக்கியைப் பிடுங்கி
வருகைப் பதிவேட்டைத் தானே புரட்டிப் பார்க்கிறது.
கொழிஞ்சாம்பாறைக்குத் தெற்கே எங்கள் பள்ளிக்கூடம்.
தமிழ் மீடியம், மலையாளச் சுற்றறிக்கை, இங்கிலீஷ் சாப்ட்வேர்.
மூன்றுக்கும் நடுவில் ஒரு நாற்காலி.
அதில் இருபத்தேழு வருஷமாக நான்,
சகாயமேரி, கிளார்க்.

விஜிஷா டீச்சர் சித்தூரில் ஒருநாள் பயிற்சிக்குப் போய்
ஒரு கடவுச்சொல்லோடு திரும்பி வந்தார்.
"எது வேணுமானாலும் கேட்கலாம் மேடம்."
எது வேணுமானாலும் என்றதும்
எதுவுமே வரவில்லை எனக்கு.
கோடு மட்டும் மின்னி மின்னிக் காத்திருந்தது,
டி.சி. வாங்க வந்த அப்பாவைப்போல.

ஹனீபா சார் மழை எப்போது என்று கேட்டார்.
சமையல்காரத் தங்கமணி
நூற்று நாற்பத்தேழு பிள்ளைகளுக்குப் பயறு எவ்வளவு என்றாள்.
நாலரைக் கிலோ என்றது.
"அது எந்தப் பள்ளிக்கூடத்துல சாப்பிட்டது?" என்று
கரண்டியோடு போய்விட்டாள்.

தனியாக இருக்கும்போது நான் கேட்டேன்:
நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயரை நீக்க
எந்தச் சுற்றறிக்கை?
எண், தேதி, பத்தி எல்லாம் சொன்னது.
அத்தனை உறுதியாக
மேலதிகாரிகள்கூடப் பேசியதில்லை.
எழுந்து பீரோவைத் திறந்தேன்.
அந்த வருஷத்துக் கட்டைப் பிரித்து, தும்மி,
ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன்.
அப்படியொன்று இல்லவே இல்லை.
இல்லையே என்று தட்டினேன்.
மன்னிக்கவும், தவறாகச் சொல்லிவிட்டேன் என்றது.
ஒரு ஆபீசுக்குள் இந்த வாக்கியத்தை
முதல் தடவையாகப் படிக்கிறேன்.

பிறகுதான் கடிதம்.
பிள்ளைகள் பெயரை அதில் போடக் கூடாது,
ஆதார் எண் கூடவே கூடாது, பயிற்சியில் சொன்னார்களாம்.
ஆகவே தட்டினேன்:
மாணவன் அ. ஏழாம் வகுப்பு. பத்தொன்பது நாளாக வரவில்லை.
வீட்டுக்கு ஒரு கடிதம் வேண்டும்.
மதிப்பிற்குரிய பெற்றோர் அவர்களுக்கு என்று தொடங்கி
ஒரு பக்கம் நிறையத் தந்தது.
பிழையில்லை. தங்கள் புதல்வர் என்றிருந்தது.
கடைசியில் ஒரு கேள்வி:
பெற்றோருக்கு எந்த மொழியில் படிப்பது எளிது?

எத்தனை கடிதம் அனுப்பியிருக்கிறேன் இந்த மேசையிலிருந்து.
சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தேன்.
அம்மா தமிழ். அப்பா தெலுங்கு.
கையொப்பம் என்ற கட்டத்தில்
இரண்டு பெருவிரல்கள், ஊதா மையில்,
ஒன்று கொஞ்சம் கலைந்து.

எந்த மொழியும் இல்லை என்று தட்டினேன்.
போனில் வாசிக்கிற மாதிரி நாலு வரி கொடு.
கொடுத்தது.
ஆளில்லாத ஆபீசில் உரக்கப் படித்துப் பார்த்தேன்.
மூன்றாம் வரி தொண்டையில் இடறியது.
புதல்வரை எடுத்துவிட்டு உங்க பையன் என்று போட்டேன்.
"ஏன் வரலைன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன், திட்ட இல்ல"
என்பது என்னுடைய வரி. அதற்குத் தோன்றவில்லை.
பத்தொன்பது நாளாக எனக்கும்தான் தோன்றவில்லை.

எண்ணை அழுத்தினேன்.
நீங்கள் அழைத்தவர் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று
முதலில் மலையாளத்தில்,
அப்புறம் தமிழில்,
அப்புறம் இங்கிலீஷில்.

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
ஏதோ தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்கிறார்கள் என்று
ஹனீபா சாருக்குக் கேள்வி.
நாளை சனிக்கிழமை. பஸ் இருக்கிறது.
நாலு வரியையும் அச்செடுத்து மடிக்கப் போனவள்
நிறுத்தி,
அ என்றிருந்த இடத்தை அடித்துவிட்டுப் பேனாவால் எழுதினேன்:
தரணீஷ்.

திரையில் அவன் இன்னும் அ.
வேறு ஏதேனும் உதவி தேவையா என்கிறது.
புதுச் செருப்பை வாசலில் விட மனசில்லாமல்
பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவான்.
அதை அதனிடம் சொல்லவில்லை.
கொக்கியை மாட்டினேன்.
காற்று மறுபடி கழற்றியது.